புஷ்பலதா மேல் இறங்கும் மேயர்

மலேசியாவில் ஈப்போ நகரிலிருந்து வடக்கே போகும் பழைய சாலையில் ஒன்பதாவது மைலில் இருப்பதால் அதற்கு ஒன்பதாங்கட்டைத் தோட்டம் என்று பெயர். தோட்டம் என்பது இப்போது பெயரில்தான் இருக்கிறது. ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் இன்று செம்மண் மேடும் வீடமைப்பு நிறுவனத்தின் பெரிய விளம்பரத் தட்டியும் நிற்கின்றன. தட்டியில் ஒரு மலாய்க் குடும்பமும் ஒரு சீனக் குடும்பமும் ஓர் இந்தியக் குடும்பமும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் மிச்சமிருக்கும், தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பத்தொன்பது லயத்து வீடுகளில் ஜனங்கள் அவ்வளவாகச் சிரிக்காமல் குடியிருக்கிறார்கள்.

வரிசையின் கடைசி வீடு புஷ்பலதாவுடையது. ஐம்பத்தாறு வயது. ஜெலாப்பாங்கில் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறுவாள், பொழுது சாய இறங்குவாள். அங்கே அவளை அதட்டும் சூப்பர்வைசருக்கு அவளுடைய பாதி வயதுகூட இருக்காது. அதட்டும்போது புஷ்பலதா தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வாள். தோட்டத்திலும் ஏறக்குறைய அதே கதைதான். கோயில் கூட்டத்தில் அவள் வாயெடுத்தால் பாதியிலேயே வேறு யாராவது பேச ஆரம்பித்துவிடுவார்கள்; அவளும் சரி போகட்டும் என்று விட்டுவிடுவாள். ஆண்டில் ஒரே ஒரு நாள் இந்த வழக்கம் தலைகீழாகும். ஆடித் திருவிழாவில் அவள் மேல் மேயர் இறங்குவார்.

மேயர் என்றால் நிஜ மேயர்தான், வெள்ளைக்கார மேயர். பெயர் பெல்லமி. இருபத்திரண்டு வயதில் நிலம் அளக்கும் உத்தியோகத்துக்காகக் கப்பலேறி வந்தவர். எந்த நிலத்தில் ஈயம் இருக்கிறது என்பது அளப்பவருக்குத்தானே முதலில் தெரியும்? பத்து வருஷத்தில் ஈயம் தோண்டும் இரண்டு குட்டைக்கும் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கும் சொந்தக்காரராகிவிட்டார். அப்புறம் டவுன் நிர்வாகத்துக்கே தலைவரானார். அந்தப் பதவிக்கு அப்போது மேயர் என்று பெயர் கிடையாது, ஏதோ நீளமான ஆங்கிலப் பட்டம். இருட்டோடு எழுந்து வேலைக்குப் போகும் ஜனங்களுக்கு அவ்வளவு நீளத்தைச் சொல்ல நேரம் ஏது? மேயர் துரை என்று வைத்துக்கொண்டார்கள்.

டவுனுக்கு அவர் நிறையச் செய்தார் என்பார்கள். சாக்கடை கட்டினார், தெருவிளக்குப் போட்டார், மார்க்கெட்டுக்குக் கூரை போட்டார், மலையிலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவந்தார். வாயைவிட்டுச் சுருட்டு இறங்காது, கையைவிட்டுக் குடை இறங்காது. ஒரு மழை நாளில் டவுன் கூட்டத்தை முடித்துக்கொண்டு தோட்டத்து பங்களாவுக்குத் திரும்பும் வழியில் அவர் கார் வழுக்கி, அவருக்கே சொந்தமான ஈயக் குட்டையில் விழுந்தது. காரையும் குடையையும் மீட்டுவிட்டார்கள். துரையை உயிரோடு மீட்க முடியவில்லை.

அற்பாயுசில் போனவர் சும்மா இருப்பாரா? பால் வெட்டப் போனவர்களுக்கு மரங்களுக்கு நடுவில் சுருட்டு வாடை அடித்தது. ஒரு பெண் மயங்கி விழுந்தாள். கங்காணி ஒரு கல்லை நட்டு, அதன் முன்னால் ஒரு சுருட்டும் கொஞ்சம் பிராந்தியும் வைத்துக் கும்பிட்டார். வாடை நின்றது, துரை சாமியானார்.

பிற்பாடு கல்லுக்குப் பின்னால் சிமெண்டில் ஒரு சிலையும் வைத்தார்கள். செய்தவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், முனீஸ்வரன் செய்து பழகிய கை. அதனால் துரைக்கு முறுக்கு மீசையும் உருட்டிய விழியும் தாமாகவே அமைந்துவிட்டன. அரிவாள் மட்டும் வேண்டாம் என்று கோயில் கமிட்டி சொன்னதால் கையில் குடை. தலையில் தொப்பி, கழுத்தில் பதவிச் சங்கிலி, சங்கிலிக்கு மேல் எலுமிச்சம்பழ மாலை.

இந்தச் சாமிக்கென்று ஒரு தனி இலாகா உண்டு. பிள்ளை வரம், காய்ச்சல், கண்ணேறு எல்லாம் மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். யாராவது கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும் என்ற காரியம் எதுவானாலும் மேயர் துரையிடம்தான் வரவேண்டும். குடியுரிமைக்கான நீல அடையாள அட்டை கிடைக்காதவர்கள் வருவார்கள். கடை லைசென்ஸ் இழுத்தடிக்கப்பட்டவர்கள் வருவார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டது என்று சிலிம் ரிவரிலிருந்து ஒரு தெருவே வேன் பிடித்து வந்ததும் உண்டு. துரை எல்லாரையும் விசாரித்து, எல்லாருக்கும் ஒரு கெடு சொல்லி அனுப்புவார். பெரும்பாலும் காரியம் நடக்கும் என்கிறார்கள். நடக்காதவர்கள் மறுபடி வருவதில்லை, ஆகவே அது பற்றித் தகவல் இல்லை.

முதலில் அவர் இறங்கியது புஷ்பலதாவின் அப்பா சின்னையா மேல். சின்னையா காலமானதற்கு அடுத்த திருவிழாவில் அவருடைய மகன் அப்பாவுவைக் குளிப்பாட்டி, தலையில் தொப்பியை மாட்டிச் சாமிக்கு முன்னால் நிறுத்தினார்கள். உறுமி அடித்தவருக்குக் கை வலித்ததுதான் மிச்சம், அப்பாவு அசையவில்லை. ஆயர் தாவாருக்கு வாழப்போய் இரண்டே வருஷத்தில் திரும்பி வந்திருந்த அவனுடைய அக்கா, பின்வரிசையில் பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். துரை அவள் மேல் இறங்கினார். புஷ்பலதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, தம்பியின் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கித் தான் மாட்டிக்கொண்டாள்.

“டேய் அப்பாவு, தள்ளி நில்லுடா” என்றாள்.

பொம்பளை மேல் ஆம்பளைச் சாமி எப்படி வரும் என்று ஒரு கட்சி முணுமுணுத்தது. உள்ளங்கையில் கர்ப்பூரம் ஏற்றிப் பார்த்தார்கள், கை நடுங்கவில்லை. சுருட்டைக் கொளுத்திக் கொடுத்தார்கள், இருமாமல் இழுத்தாள். பிறகு வெள்ளைக்காரத் துரைமார் பேசும் உடைந்த தமிழில், “நீ என்னா வேணும்? சீக்கிரம் சொல்லு. எனக்கு மீட்டிங் இருக்கு” என்றாள். அதோடு முணுமுணுத்த கட்சி கலைந்தது.

அதிலிருந்து முப்பது வருஷமாக அவள்தான். துரை வரும்போது முதலில் அவளுக்குக் காதுமடல் சுடும். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. விழித்துப் பார்த்தால் தொண்டை கட்டியிருக்கும், வாயெல்லாம் சுருட்டுக் கசப்பு. என்ன சொன்னோம் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்வாள். அவளுக்கு அதில் பெருமையும் இருந்தது, வெட்கமும் இருந்தது. மறுநாள் காலையில் வழக்கம்போல கம்பெனி பஸ்ஸில் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

வீடமைப்பு நிறுவனம் நிலத்தை வாங்கியபோது, சும்மா சொல்லக்கூடாது, நியாயமாகத்தான் பேசியது. குடியிருக்கும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய வீடு, கோயிலுக்குச் சாலையோரம் ஒரு துண்டு நிலம். ஆனால் புதிய சாலை சரியாக மேயர் துரையின் தலை வழியாகப் போகிறது. கோயிலை முதலில் நகர்த்த வேண்டும், அப்புறம் சாலை, அப்புறம் வீடுகள். எத்தனை குடும்பம் என்று கேட்டதற்குக் கமிட்டி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தலைக்கட்டுக் கணக்குத்தான் கைவசம் இருக்கிறதே. ஓர் ஆம்பளை தலைமையில் உள்ள குடும்பம் ஒரு தலைக்கட்டு. திருவிழா வரி அப்படித்தான் பிரிப்பார்கள். பதினெட்டு என்று சொல்லிவிட்டார்கள்.

புஷ்பலதா தனி வீட்டில் இருக்கிறாள், தனி அடுப்பு வைத்திருக்கிறாள். ஆனாலும் அப்பா போன பிறகு அவள் தம்பியின் தலைக்கட்டில் சேர்த்தி. எந்தச் சாமிக்குத் தன் உடம்பைக் கொடுக்கிறாளோ அந்தச் சாமியின் கோயிலிலேயே அவளுக்குக் கணக்கு இல்லை. யாரும் வஞ்சகமாகச் செய்ததல்ல இது. அவர்களுக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு விஷயம் தெரிந்தது ஒரு கோயில் கூட்டத்தில். அப்பாவு இப்போது கோயில் தலைவர்.

“அப்பாவு, என் வீட்டுக்கு என்னா செஞ்சீங்க?” என்று கேட்டாள்.

“என்னாக்கா இது. நீ எங்ககூடதானே. புது வீட்டுல பின்னால ஒரு ரூம் இருக்குலா, வாஷிங் மெஷின் வைக்கிற எடத்துக்குப் பக்கத்துல. நல்லா காத்து வரும்.”

“நான் தனியாத்தானே இருக்கேன்.”

கோயில் செயலாளர் விக்னேஸ்வரன் குறுக்கே வந்தான். இன்சூரன்ஸ் வேலை பார்ப்பவன், யார் மனமும் கோணாமல் பேசத் தெரிந்தவன். “அக்கா, எல்லாம் பேசி முடிஞ்ச பெறகு இன்னொன்னு கேட்டா கம்பெனிக்காரன் என்னா நெனைப்பான்? நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. அடுத்த மீட்டிங்ல பார்ப்போம்லா.”

அடுத்த மீட்டிங்கிலும் கேட்டாள். அதற்கு அடுத்த மீட்டிங்கில் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

அந்தப் பின்னறையை நினைத்தாலே புஷ்பலதாவுக்குப் பயமாக இருந்தது. ஆயர் தாவாரில் அவள் படுத்தெழுந்தது சமையல்கட்டு ஓரத்தில். யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் தாண்டிக்கொண்டு போவார்கள். திரும்பி வந்து அப்பாவின் வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள். அந்த வீடு ஒன்றும் மாளிகை இல்லை. பலகைச் சுவர், ஒழுகும் தகரக் கூரை, நினைத்தபோது வந்து போகும் ஒரு பூனை. ரேடியோவை வேண்டிய அளவு சத்தமாக வைத்துக்கொள்ளலாம், ஏன் இவ்வளவு சத்தம் என்று கேட்க ஆளில்லை. இந்த வயதில் இன்னொருவர் வீட்டு வாஷிங் மெஷின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டு படுக்க அவளுக்கு மனமில்லை.

இதற்கு நடுவில் கோயிலுக்கு ஒரு சிக்கல் வந்தது. சாலை போட மண்வாரி இயந்திரம் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்த பையன் தைப்பிங் பக்கத்துத் தமிழன். இது என்ன சாமி என்று விசாரித்தான். விவரம் தெரிந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கிச் சூடம் ஏற்றி, வந்த வழியே போய்விட்டான். சாமியே உத்தரவு கொடுக்காமல் கல்லைத் தொடுவதற்குத் தோட்டத்திலும் ஒருவரும் தயாராக இல்லை. ஆடித் திருவிழாவில் துரை இறங்குவார், அப்போது அவரிடமே கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

புது இடத்தில் வைப்பதற்கு விக்னேஸ்வரன் ஒரு வரலாற்றுப் பலகைக்கு வாசகம் எழுதினான். திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயிலைக் கழுவிவிட வந்தவர்கள் முன்னால் அதை வாசித்துக் காட்டினான். ‘ஏழைத் தொழிலாளர் தாகம் தீர்க்கத் தண்ணீர் தந்த வள்ளல்’ என்று ஆரம்பித்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த கருப்பம்மாள் தலையை நிமிர்த்தினாள். தோட்டத்திலேயே மூத்தவள் அவள்தான், எண்பது தாண்டிவிட்டது, காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

“யாரு தண்ணி குடுத்தா? மேயரா?” என்றாள். “மலைத்தண்ணிக் கொழாய் நம்ம தோட்டத்து வழியாத்தான்டா டவுனுக்குப் போச்சு. லயத்துக்கு ஒரு பைப்பு வச்சுக் குடுங்கன்னு கங்காணி போயி நின்னா, அடுத்த மீட்டிங்ல பார்ப்போம்பானாம். வருஷக்கணக்கா இதே பேச்சு. எங்கம்மாகூடப் பொறந்தது ரெண்டு கெணத்துத் தண்ணியக் குடிச்சு வாந்திபேதியில போச்சு.”

விக்னேஸ்வரனுக்கு முகம் விழுந்துவிட்டது. “அப்பறம் எதுக்கு பாட்டி கோயில் கட்டுனாங்க?”

“நல்லவனுக்கு எதுக்குடா கோயிலு? அவன் போக வேண்டிய எடத்துக்கு நேரா போயிருவான். இவன் செய்ய வேண்டியத செய்யாம செத்தவன். உசுரோட செய்யாதத செத்தாவது செஞ்சு தொலைக்கட்டும்னுதான் கல்ல நட்டுப் புடிச்சு வச்சாங்க. வருஷா வருஷம் நாம அவனுக்கு வேலதானே சொல்றோம்?”

சொல்லிவிட்டுச் சீரியலுக்குத் திரும்பிவிட்டாள். பலகையை ஏற்கெனவே அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது என்று விக்னேஸ்வரன் மெல்லச் சொன்னான். சரி, வள்ளலாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆளாளுக்குத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்கள். எலுமிச்சம்பழம் கோத்துக்கொண்டிருந்த புஷ்பலதாவுக்கு மட்டும் சுருக்கென்றது. அடுத்த மீட்டிங்கில் பார்ப்போம் என்ற பேச்சை யார் யார் வாயிலிருந்து கேட்டோம் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இந்த ஆளுக்காகவா முப்பது வருஷம் தொண்டையைக் கெடுத்துக்கொண்டோம் என்று கோபம் கோபமாக வந்தது.

அன்று சாயங்காலம் அப்பாவு அவள் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றபடியே பேசினான்.

“அக்கா, திருவிழா அன்னைக்கி துரை சரின்னு சொல்லிட்டா எல்லாருக்கும் நல்லது. பதினெட்டு வீடும் இதுலதான் நிக்குது.”

“அத ஏன் எங்கிட்ட சொல்ற? நானா சொல்றேன்? அவருதானே சொல்றாரு.”

அப்பாவு காலால் தரையைத் தேய்த்தான். “தெரியும்க்கா. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.”

அவன் போன பிறகு புஷ்பலதா வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றாள். இருந்தாலும் என்றால் என்ன அர்த்தம்? டேய் அப்பாவு என்று கூப்பிட்டால் முப்பது வருஷமாகக் கைகட்டி வந்து நிற்கிறவன், இத்தனை நாளும் தன் மனதில் யாருக்கு முன்னால் நின்றான்? துரைக்கு முன்னால் என்றால் இன்றைக்கு அக்காவிடம் வந்து சொல்ல அவசியமில்லை. அக்காவுக்கு முன்னால் என்றால், அக்கா வீடு கேட்டபோது ஏன் காதில் விழவில்லை?

மறுநாள் அப்பாவுவின் மனைவி குமுதா ஒரு டப்பாவில் மீன்குழம்பு கொண்டுவந்தாள். நல்ல மனசுக்காரி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்.

“அண்ணி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே. துரை வரும்போது உங்க வீட்டயும் சேர்த்து அவரே கேட்டுரட்டும். சாமி வாக்கு, யாரு மறுக்க முடியும்? இவங்களே ஓடிப்போயி கம்பெனிகிட்ட வாங்கிட்டு வருவாங்க.”

புஷ்பலதா இதை நினைத்துப் பார்க்காதவள் அல்ல. இரண்டு ராத்திரி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். காது சுடாவிட்டாலும் குரலை மாற்றிக்கொண்டு நாலு வார்த்தை உருட்டினால் போதும், ஊரே ஆமாம் சாமி போடும்.

“வேணாம் குமுதா” என்றாள். “அவரு கேட்டுக் கெடைச்சா அது அவரு வீடாப் போயிரும். அங்கயும் நான் ஒட்டுக்குடித்தனமா இருக்கிறதா?”

திருவிழா அன்று வெயில் நன்றாகவே காய்ந்தது. கோயில் முன்னால் நீலத் தார்ப்பாயில் பந்தல். பதினெட்டுத் தலைக்கட்டும் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தது. வேறு ஊர்களில் இருந்து கையெழுத்துக் காரியமாக வந்தவர்கள் ஓரமாக நின்றார்கள். விக்னேஸ்வரன் நிறுவனத்து அதிகாரி ஒருவரையும் கூட்டிவந்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தான். உறுமி மேளம் தீபனுடைய குழு. ஜெலாப்பாங்கில் வெல்டிங் வேலை பார்ப்பவன், முப்பத்தைந்து வயது, அவன் அடித்துத் துரை வராமல் போனதில்லை.

புஷ்பலதா குளித்து, மஞ்சள் புடவை கட்டி, தலைமுடியை அவிழ்த்துவிட்டுச் சாமிக்கு முன்னால் வந்து நின்றாள். அப்பாவு தொப்பியை அவள் தலையில் வைத்தான். பிராந்தியும் சுருட்டும் தட்டில் தயாராக இருந்தன. தீபன் கண்ணைக் காட்டியதும் உறுமி எழும்பியது.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் காதுமடல் சுட ஆரம்பித்தது. துரை வந்துவிட்டார், வாசலில்தான் நிற்கிறார் என்று தெரிந்தது. எப்போதும் அந்த இடத்தில் அவள் விலகி வழி விட்டுவிடுவாள். இன்று விடவில்லை. ‘கொஞ்சம் வெளியில இருங்க துரை, அப்பறம் பார்ப்போம்’ என்று மனதுக்குள் சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காது மெல்ல ஆறியது.

தொப்பியைக் கழற்றினாள். தம்பியின் கையில் கொடுத்தாள். அவிழ்ந்து கிடந்த முடியை அள்ளி முடிந்துகொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“துரை வந்தாரு. நான்தான் இருக்கச் சொல்லியிருக்கேன்” என்றாள். மேளத்தில் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. குரலை உயர்த்தினாள். “எல்லாருக்கும் வீடு வருது. எனக்கு வரல. நான் தனி அடுப்பு, தனிக் குடி. ரெண்டு மீட்டிங்ல கேட்டேன், பார்ப்போம்னீங்க. எனக்கும் ஒண்ணு சேர்த்துக் கேட்டு வாங்குங்க. அதுக்குப் பெறகு நான் துரைக்கு வழி விடுறேன். அவரு உத்தரவு குடுக்கட்டும்.”

பந்தலில் ஒரு சலசலப்பு ஓடியது. பின்னால் யாரோ, இவளால் எல்லாருக்கும் அல்லவா தாமதம் என்றார்கள். அது உண்மையும்தான், அவளுக்கும் அது தெரியும். நிறுவனத்து அதிகாரி என்ன நடக்கிறது என்று விக்னேஸ்வரனைக் கேட்டார். விக்னேஸ்வரன் அவருக்கு ஒரு குளிர்பானத்தைத் திறந்து கொடுத்தான்.

அப்பாவு தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு அவளை நெருங்கினான். “அக்கா, சாமி காரியத்துல வெளையாடாத. வீட்டுல போயி பேசிக்கலாம்.”

“எந்த வீட்டுல?” என்றாள் புஷ்பலதா.

நாற்காலியில் இருந்த கருப்பம்மாள், “நியாயத்தத்தானே கேக்குறா” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டாள். குமுதா கணவனின் முகத்தைப் பார்க்காமல் மெதுவாக நடந்து வந்து அண்ணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

உறுமி மட்டும் இன்னும் அடங்கிய ஒலியில் ஓடிக்கொண்டிருந்தது. அடியுங்கள், துரை வரும்வரை அடியுங்கள் என்று அப்பாவு தீபனுக்குக் கையைக் காட்டினான். தலைவர் சொன்னால் அடிப்பதுதான் முறை. தீபன் அவனைப் பார்த்தான், அவன் கையிலிருந்த வெறும் தொப்பியைப் பார்த்தான். பிறகு புஷ்பலதாவின் பக்கம் திரும்பினான்.

“அக்கா, அடிக்கவா, நிறுத்தவா?”

“நிறுத்துப்பா” என்றாள். தீபன் நிறுத்தினான்.